சவலைப் பிள்ளைகளின் டாக்டரம்மா



காப்பிக்கடையில் போய் உட்கார்ந்து ஒரு கிளாஸ் டீ சொல்கிறோம். அடியிலே வெள்ளையாக ஒரு விரல் கனத்துக்கு டின்பால். மேலே சிவப்பாகச் சாயத் தண்ணீர். கலக்கிக் குடித்தால் தித்திப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. நாமும் தினம் இரண்டு கிளாஸ் குடிக்கிறவர்கள்தான்.

ஆனால் இதே டின்பாலைத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றிக் கைக்குழந்தைக்குக் கொடுத்த காலம் ஒன்று இருந்ததே, அது உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? நாம் பிறந்த தோட்டத்தில் நமது பாட்டி இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். ஒன்று எட்டு மாதத்தில் போனது. இன்னொன்று நடக்கிற பிள்ளை. அடுத்தது வயிற்றில் வந்தவுடன் அந்தப் பிள்ளை சவலை பாய்ந்து, கால் வீங்கி, மூஞ்சி உப்பி, ஒரு மழைநாளில் கண்ணை மூடிவிட்டதாம். ஏன் போச்சு என்று யாரும் கேட்கவில்லை. பதிவுப் புத்தகத்தில் ஒன்றுக்கு வலிப்பு, மற்றதற்குக் காய்ச்சல். லயத்துப் பெண்கள் வேறு மாதிரி சொன்னார்கள்: இவள் ராசி அப்படி. அந்தப் பேச்சைப் பாட்டி சாகிறவரை சுமந்தார்.

பிள்ளை செத்தால் ஏன் செத்தது என்று கேட்க வேண்டும், அதுவும் பெற்றவளைக் குற்றவாளியாக்காமல் கேட்க வேண்டும் என்று ஆயுள் முழுக்கச் சண்டை பிடித்த ஒரு டாக்டரம்மாவைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம். பெயர் சிசிலி வில்லியம்ஸ். வெள்ளைக்காரப் பெண்மணி. நம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்தவர், இங்கே சிறையும் இருந்தவர். அப்படியிருந்தும் நம்மவர்களில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு.

அம்மையார் பிறந்தது 1893ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவில். குடும்பம் பல தலைமுறையாக அங்கே தோட்டத்துரைமார் குடும்பம். ஆமாம், துரை வீட்டுப் பிள்ளைதான். ஜமைக்கா எப்படிப்பட்ட ஊர் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்? கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகளை வைத்து வேலை வாங்கினார்கள். 1838-ல் அடிமைத்தனம் முழுதாக ஒழிந்ததும் 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். அந்த மண்ணில், மாளிகைப் பக்கம் பிறந்த பெண் லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தது எப்படி என்பது நமக்கே ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

தகப்பனார் ஜமைக்காவின் கல்வி இலாகாவில் பெரிய பதவியில் இருந்தார். மகளைப் பதின்மூன்று வயதில் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிறகும் அம்மையார் போகவில்லை. புயலும் பூகம்பமும் தாக்கி ஜமைக்கா அலங்கோலமாகக் கிடந்ததால், பெற்றோருக்கு உதவியாக ஊரிலேயே தங்கினார். தகப்பனார் காலமான பிறகுதான் திரும்பிப் போய்ப் படித்தார். அப்போது முதல் உலக யுத்தம். ஆண்பிள்ளைகள் எல்லாம் போர்முனையில். டாக்டர் படிப்புக்கு ஆள் பற்றாக்குறை. அதனால் பெண்களுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டார்கள். அந்தச் சந்தில் நுழைந்தவர்களில் சிசிலியும் ஒருவர். 1923-ல் டாக்டராகித் தேறினார்.

தேறி என்ன பயன்? யுத்தம் முடிந்து ஆண் டாக்டர்கள் திரும்பிவிட்டார்கள். பெண்ணுக்கு வேலை கொடுக்க ஆள் இல்லை. லண்டனில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் பார்த்தார். பிள்ளை வைத்தியம்தான் தன் வழி என்று அங்கே முடிவு செய்தார். ஒரு பிள்ளைக்கு மருந்து கொடுப்பதென்றால் அந்தப் பிள்ளை எந்த வீட்டில், எந்தப் படுக்கையில், எதைத் தின்று வளர்கிறது என்று தெரியாமல் கொடுக்க முடியாது என்ற எண்ணம் அப்போதே அவருக்கு வந்துவிட்டது. பிற்பாடு செய்த காரியம் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

1929-ல் பிரிட்டிஷ் காலனி மருத்துவச் சேவையில் சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்ட் என்ற நாட்டுக்குப் போனார். இன்றைக்கு அதன் பெயர் கானா. பதவியின் பெயரே பெண் மருத்துவ அதிகாரி. அந்தப் பெண் என்ற சொல் எதற்கு என்றால், ஆண் டாக்டரை விடச் சம்பளம் குறைவு என்று காட்டுவதற்கு. படிப்பும் ஒன்று, வேலையும் ஒன்று, சம்பளம் மட்டும் இரண்டு. நமக்குப் புதுசா இது? 1920-களின் பிற்பகுதியில் இங்கே பல தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயித்து வைத்திருந்தார்களே!

ஆக்ரா நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அம்மையார் கண்ட காட்சி பயங்கரமாக இருந்தது. ஒரு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் உள்ள பிள்ளைகள். கை கால் வீக்கம், வயிறு உப்பல். கறுத்த முடி செம்பட்டையாகிவிடும். தோல் கறுத்து உரியும். சிரிப்பு இருக்காது, அழுகை கூட முனகலாகத்தான் வரும். கொஞ்ச நாளில் செத்துப்போகும். மற்ற டாக்டர்கள் இதைப் பெல்லக்ரா என்று முன்பே தெரிந்த ஒரு நோயின் கணக்கில் சேர்த்துவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அம்மையாருக்கு மனசு ஒப்பவில்லை. இறந்த பிள்ளைகளின் உடலைத் தாமே அறுத்துச் சோதித்தார். அந்த வேலையில் கிருமி தொற்றி அவரே சாகக் கிடந்தார். அப்போது ஆன்டிபயாட்டிக் மருந்து ஏது? எப்படியோ பிழைத்து எழுந்தார். எழுந்து வந்து செய்த காரியம்தான் முக்கியம். அந்த ஊர்ப் பெண்களிடம் போய், இந்த நோய்க்கு நீங்கள் என்ன பெயர் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

பெரிய படிப்புப் படித்த வெள்ளைக்கார டாக்டர், எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று அன்றைக்குச் சிரித்திருப்பார்கள். ஆனால் அவர்களிடம் பதில் இருந்தது. கா மொழியில் அதற்குக் குவாஷியோர்கர் என்று பெயர். அடுத்த பிள்ளை வந்ததும் முந்தின பிள்ளைக்கு வருகிற நோய் என்பது அதன் அர்த்தம்.

வாசகர்களே, இதைப் படித்தபோது நாம் கொஞ்ச நேரம் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டோம். நம் பாட்டிமார் சொல்லுகிற சவலை இதுதானே! தாய்க்கு அடுத்த பிள்ளை தங்கிவிட்டால் பால் கிடைக்காமல், ஏங்கி, மெலிந்து போகிற பிள்ளையைச் சவலைப் பிள்ளை என்று நாம் எத்தனை நூறு வருஷமாகச் சொல்லி வருகிறோம்! ஆப்பிரிக்காவில் ஒரு கிழவிக்கும் தமிழ்நாட்டில் ஒரு கிழவிக்கும் ஒரே விஷயம் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்தது டாக்டர் புத்தகத்துக்கு மட்டும்தான்.

பெயரிலேயே காரணம் இருந்தது. தாய்ப்பால் நின்றதும் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது வெறும் மக்காச்சோளக் கஞ்சி. வயிறு நிறையும், உடம்பு தேறாது. பால், முட்டை, மீன், பருப்பு எதுவும் உள்ளே போகவில்லை. புரதச் சத்து இல்லாமல்தான் இந்த வீக்கமும் சாவும் என்று அம்மையார் கண்டார். புரதக் குறைவோடு வேறு காரணங்களும் சேர்ந்தே இந்த நோய் வருகிறது என்று இன்றைய ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அது வேறு. ஆனால் சோற்றில் குறை இருக்கிறது என்று முதலில் உரக்கச் சொன்னவர் அவர். 1933-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். 1935-ல் லான்செட் என்ற பேர்பெற்ற இதழில் குவாஷியோர்கர் என்ற அந்த ஆப்பிரிக்கப் பெயரையே போட்டு எழுதினார். பெரிய டாக்டர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இது பெல்லக்ராதான் என்று மறுத்தார்கள்.

எழுதிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை போட்டு எடை, சாப்பாடு, நோய் எல்லாம் குறித்து வைத்தார். தாதிமாரைப் பழக்கி வீடு வீடாக அனுப்பினார். நோய் வந்த பிறகு வராதீர்கள், பிள்ளை நன்றாக இருக்கும்போதே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று தாய்மாருக்குச் சொன்னார். இன்றைக்கு நம் கிளினிக்கில் பிள்ளையைத் தராசில் போட்டு எடை பார்த்துப் புத்தகத்தில் எழுதித் தருகிறார்களே, அந்தப் பழக்கத்துக்காக அன்றே பாடுபட்டவர்களில் இவரும் ஒருவர்.

மேலதிகாரிகளோடு அம்மையாருக்கு ஒத்துப்போகவில்லை. வளைந்து கொடுக்கிற சுபாவம் இல்லை. 1936-ல் மலாயாவுக்கு மாற்றிவிட்டார்கள். தண்டனை மாதிரிதான். ஆனால் நமக்கு அது லாபமாகப் போயிற்று.

சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டைப் பார்த்துக்கொண்டார். இங்கே அவர் கண்டது வேறு கதை. ஆப்பிரிக்காவில் இரண்டு வயதுப் பிள்ளை கஞ்சியால் செத்தது. இங்கே இரண்டு மாதப் பிள்ளை டின்பாலால் செத்துக்கொண்டிருந்தது.

எப்படி என்று கேட்கிறீர்களா? பால் கம்பெனிகள் பெண்களை வேலைக்கு வைத்து, தாதி மாதிரி வெள்ளை உடுப்புப் போட்டு, பிள்ளை பெற்ற வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் போய், தாய்ப்பாலை விட இது உசத்தி, வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லாம் இதைக் குடித்துத்தான் கொழுகொழு என்று இருக்கின்றன என்று பேசுவார்கள். ஏழைத் தாய் பார்ப்பாள். படித்த பெண், தாதி உடுப்பு, சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பாலூட்டுவதை நிறுத்திவிடுவாள். ஒரு வாரம் நிறுத்தினால் போதும், பால் வற்றிவிடும். பிறகு கம்பெனி டின்னை விட்டால் வேறு கதி இல்லை.

டின் விலை கூடுதல். ஒரு டின்னை மூன்று நாளைக்கு வரவேண்டியதை ஒரு வாரத்துக்கு இழுப்பாள். தண்ணீர் கூடக்கூடப் பால் வெறும் சர்க்கரைத் தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை. புட்டி கழுவச் சுடுதண்ணீர் இல்லை, விறகு இல்லை. பேதி வரும். கொழுப்பு எடுத்த மலிவு டின்பாலில் வைட்டமின் ஏ கிடையாது. அது இல்லாமல் போனால் பிள்ளைக்குக் கண் பூத்துப் பார்வையே போய்விடும். இங்கிலாந்தில் அந்த வகைப் பால் டின்னின் மேலேயே குழந்தைக்கு ஆகாது என்று அச்சடிக்க வேண்டும் என்று விதி இருந்தது. இங்கே அதே வகைப் பால் பிள்ளைப் பால் என்று விலைபோனது. அவன் ஊர்ப் பிள்ளைக்கு ஒரு நியாயம், காலனிப் பிள்ளைக்கு ஒரு நியாயம்.

1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அம்மையாரை அழைத்தார்கள். வியாபாரப் பெருமக்கள் கூடுகிற சபை. சங்கத் தலைவரே பால் கம்பெனி ஒன்றின் பெரிய மனிதர் என்று சொல்வார்கள். வேறு யாராவது என்றால் நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அம்மையார் தமது பேச்சுக்கு வைத்த தலைப்பு, பாலும் கொலையும். பிள்ளைக்கு ஆகாத பாலை நல்லது என்று விளம்பரம் செய்வது ராஜத்துரோகத்தைப் போன்ற குற்றம், அதனால் சாகிற பிள்ளைகளின் சாவைக் கொலை என்றுதான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அந்தப் பெரிய மனிதர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். சபை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் நம் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரவில்லை. நகரத்துத் தாய் விளம்பரத்தால் ஏமாந்தாள் என்றால், தோட்டத்துத் தாயைப் பால் கொடுக்க விடாமல் செய்தது வேலை. விடியுமுன் பிரட்டுக் களம். இருட்டோடு நிரைக்குப் போனால், மங்கு வைத்து, வெட்டி, பால் எடுத்து, வாளியைச் சுமந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துத் திரும்ப உச்சி தாண்டிவிடும். அதுவரை பிள்ளை ஆயாக்கொட்டகைத் தொட்டிலில். மார்பில் பால் கட்டி ரவிக்கை நனையும். நிரையிலே குனிந்து மரத்தடியில் பீய்ச்சி விட்ட பெண்கள் எத்தனை பேர்! கம்பெனிக்கு மரத்துப் பாலைச் சேர்த்துக் கொடுத்தவள் பிள்ளைக்குத் தன் பாலைக் கொடுக்க முடியவில்லை. கொட்டகையில் ஆயா என்ன செய்வார் பாவம், இருபது பிள்ளைக்கு ஒரு ஆள். டின்பாலோ கஞ்சித் தண்ணியோ ஊற்றித்தான் அழுகையை நிறுத்த வேண்டும். நமது பாட்டியின் எட்டு மாதப் பிள்ளையும் அந்தத் தொட்டிலில்தான் கிடந்தது. ராசியாம் ராசி!

சரி, கதைக்கு வருவோம். 1941-ல் அம்மையார் கிழக்குக் கரையில் திரெங்கானுவில் வேலையாக இருந்தார். டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பான்காரன் கோத்தாபாருவில் இறங்கினான். திரெங்கானு பக்கத்து மாநிலம் ஆயிற்றே. அங்கிருந்து தப்பி, கஷ்டப்பட்டுப் பயணம் செய்து சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் விழுந்தது. வெள்ளைக்காரப் பெண்களையும் பிள்ளைகளையும் சாங்கி சிறைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். அறுநூறு கைதிகளுக்குக் கட்டிய சிறையில் ஆயிரக்கணக்கான பேர்.

அங்கே சோறு அரைவயிறு. புட்டியும் இல்லை, டின்னும் இல்லை, கம்பெனித் தாதியும் இல்லை. பிள்ளை பிறந்தால் தாய்ப்பாலை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. அந்தச் சிறைக்காலத்தில் பிறந்த பிள்ளைகள் இருபது என்று அம்மையார் கணக்குச் சொல்லியிருக்கிறார். அத்தனையும் தாய்மடியிலேயே வளர்ந்தன, ஒன்றுகூடத் தவறவில்லை என்பதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குப் பெருமை. பட்டினி கிடந்த தாய்மாருக்கே பால் ஊறியது என்றால், வெளியில் நாலு வேளை சாப்பிடுகிறவளுக்குப் பால் போதாது என்று எவன் சொன்னது என்பது அவர் கேள்வி.

பெண்கள் முகாமுக்கு அவரைத் தலைவியாகவும் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தலைமைப் பதவியே வினையாயிற்று. 1943 செப்டம்பர் கடைசியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்களை வெடிவைத்து மூழ்கடித்தார்கள். வெளியிலிருந்து படகில் வந்த வீரர்கள் செய்த வேலை அது. ஜப்பான்காரனுக்கு அது தெரியாது. சாங்கியிலிருந்துதான் ரகசியம் போயிருக்கிறது என்று அக்டோபர் 10ஆம் தேதி கெம்பித்தாய் போலீஸ் சிறைக்குள் புகுந்தது. ஐம்பத்தேழு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் பதினைந்து பேர் செத்தே போனார்கள். பிடிபட்ட ஒருசில பெண்களில் நம் அம்மையாரும் ஒருவர். மாதக்கணக்கில் கூண்டு மாதிரி அறையில், ஆண்களோடு ஆண்களாக, படுக்க இடமில்லாமல், கண்ணெதிரே மனிதர்கள் சாகச் சாகக் கிடந்தார். கெம்பித்தாய் என்றால் என்னவென்று நம் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சயாம் மரண ரயிலுக்கு ஆள் பிடித்துக்கொண்டு போன காலம் அது. நம் லயங்களில் அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

பெரிபெரி நோய் வந்து அம்மையாரின் கால்கள் மரத்துப் போயின. சத்துக்குறைவு நோயை உலகத்துக்குச் சொன்ன டாக்டருக்கே சத்துக்குறைவு நோய். 1945-ல் யுத்தம் முடிந்தபோது சாவின் விளிம்பில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கால் மரமரப்பு முழுதாகத் தீரவில்லை.

யாராக இருந்தாலும் போதும் இந்த ஊர் என்று போயிருப்பார்கள். இவர் திரும்பி மலாயாவுக்கே வந்தார்! தாய்சேய் நல வேலைக்குத் தலைமைப் பொறுப்பு. 1948-ல் உலக சுகாதார நிறுவனம் ஜெனீவாவில் தொடங்கியபோது அதன் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவராக இவரை அழைத்துக்கொண்டார்கள். அந்த நிறுவனத்தின் சார்பில் ஆப்பிரிக்கா முழுக்கச் சுற்றிப் பார்த்து 1952-ல் ஓர் அறிக்கை வந்தது. குவாஷியோர்கர் போன இடமெல்லாம் இருக்கிறது என்று அது சொன்னது. இவர் எழுதிப் பத்தொன்பது வருஷம் கழித்து! அந்தப் பத்தொன்பது வருஷத்தில் செத்த பிள்ளைகளை யார் கணக்கெடுத்தார்கள்?

1951-ல் சொந்த ஊர் ஜமைக்காவுக்குப் போனார். அங்கே வாந்தி நோய் என்று ஒன்று. சாயங்காலம் விளையாடிய பிள்ளை வாந்தியெடுத்து மறுநாள் செத்துக்கிடக்கும். அம்மையார் தலைமையில் ஆராய்ச்சி நடந்தது. வழக்கம்போல நோயாளிப் படுக்கையோடு நிற்காமல், பிள்ளை இருந்த வீடு, அடுப்பு, தின்ற பண்டம் என்று விசாரணை போனது. அக்கீ என்று ஒரு பழம், அந்த ஊர்க்காரர்கள் சமைத்துச் சாப்பிடுவது. பழுத்து வெடித்தால் நல்லது, காயாகப் பறித்தால் விஷம். வயிறு காய்ந்த பிள்ளைக்குத்தான் அது கொடிய விஷமாகிறது. பணக்கார வீட்டில் இந்தச் சாவு அபூர்வம்.

வீடு வரைக்கும் போய்க் கேட்கும் இந்த வழி பிற்பாடு பல நாடுகளில் ஒரு திட்டமாகவே வளர்ந்தது. அமெரிக்காவில் 1990 முதல் பல ஊர்களில் இப்படிச் செய்கிறார்கள். சிசு இறந்தால், துக்கம் கொஞ்சம் ஆறிய பிறகு, பழகிய தாதி ஒருவர் தாயிடம் போய் உட்கார்ந்து நடந்ததைக் கேட்பார். ஆஸ்பத்திரி ஏட்டையும் பார்ப்பார்கள். பெயரை மறைத்துவிட்டு, டாக்டர், தாதி, சமூக ஊழியர் எல்லாரும் கூடிப் பேசுவார்கள். யார் மேல் தப்பு என்பது அங்கே பேச்சில்லை. வண்டி கிடைக்கவில்லையா, கிளினிக் தூரமா, சொன்ன பாஷை புரியவில்லையா, எதை மாற்றினால் அடுத்த பிள்ளை பிழைக்கும் என்பதுதான் பேச்சு. அதைச் செய்து முடிக்க ஊர்க்காரர்களைக் கொண்ட இன்னொரு குழு. நம் மலேசியாவிலும் 1991 முதல் பிரசவத்தில் தாய் இறந்தால் பெயர் வெளியிடாமல் விசாரித்து, எங்கே சறுக்கியது என்று பார்க்கிற ஏற்பாடு உண்டு. 1957-ல் மலாயாவில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் எழுபத்தைந்து பிள்ளைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இன்றைக்கு அது பத்துக்கும் கீழே. கிராமத்து மருத்துவச்சிகள், கிளினிக், தடுப்பூசி, குழாய்த் தண்ணீர், பெண்கள் படிப்பு எல்லாம் சேர்ந்து செய்த காரியம் இது. ஒருவரால் ஆனதல்ல.

இந்த இடத்தில் தாய்மார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளினிக்கிலிருந்து தாதி வந்து கேள்வி கேட்டால் நம்மில் பலர் பயந்துகொண்டு பாதியை மறைத்துவிடுகிறோம். காய்ச்சலுக்கு முதலில் மந்திரித்தோம், இரண்டு நாள் கழித்துத்தான் தூக்கிப் போனோம் என்று சொன்னால் திட்டுவார்களோ என்று பயம். திட்டுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்த இரண்டு நாள் ஏன் தாமதம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கையில் பணமில்லை, வண்டி இல்லை, சம்பளம் போய்விடும், லீவு தரவில்லை என்று சொன்னால்தானே அது ஏட்டில் ஏறும்?

அம்மையாருக்கு வயதாகியும் ஓய்வில்லை. 1959 வாக்கில் பெய்ரூட்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை. பிறகு அமெரிக்காவிலும் பாடம் சொன்னார். உலகத்தின் பல நாடுகளுக்குப் போய் வந்தார். 1972-ல் இன்னொரு டாக்டரோடு சேர்ந்து தாய்சேய் நலச் சேவையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். நோயைத் தடுக்கும் வேலை ஒரு கட்டடத்தில், குணப்படுத்தும் வேலை வேறு கட்டடத்தில் என்று பிரித்து வைப்பதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்க்கு இரண்டும் ஒன்றுதானே! கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ரோட்டரி சங்கத்தில் அவர் பேசிய பேச்சை வியாபாரிகள் மறந்துவிட்டார்கள். 1970-களில் பால்மாவு விளம்பரங்களுக்கு எதிராக உலகம் முழுக்கக் கிளர்ச்சி எழுந்தபோது, இதை ஒரு அம்மா சிங்கப்பூரில் அன்றைக்கே சொன்னாரே என்று தேடி எடுத்தார்கள். 1979-ல் மலேசியாவில் பால்மாவு விற்பனைக்கு ஒழுக்கவிதி வந்தது. 1981 மே மாதம் உலக சுகாதார மாநாட்டில் இதற்கென்று உலக விதி ஓட்டுக்கு வந்தது. 118 நாடுகள் ஆதரவு. எதிர்த்து ஓட்டுப் போட்டது ஒரே நாடு, அமெரிக்கா. அப்போது அம்மையாருக்கு வயது எண்பத்தேழு. நேற்று நாம் காப்பிக்கடையில் டீ ஆற்றுகிறவரிடம் காலி டின்னை வாங்கித் திருப்பிப் பார்த்தோம். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று மலாயில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அவர் என்னத்தைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். கதையைச் சொன்னோம். வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் அம்மாவும் தோட்டத்தில் ஆயாவாக இருந்தவராம்.

சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1992 ஜூலை மாதம் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் காலமானார். வயது தொண்ணூற்றெட்டு. ஆக்ராவில் அவர் வேலை பார்த்த அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரி இன்னும் நடக்கிறது. உடம்பு மெலிந்த பிள்ளைகளை இன்றும் அங்கே தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.